மேற்படி

ஒரு மாவட்டத்தை எப்படிப் பிரிப்பார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. மேப்பில் ஒரு கோடு போடுவார்கள், அரசாணை வரும், போர்டு மாறும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். 2019 நவம்பர் 26-ஆம் தேதி விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. பந்தலும் மைக் செட்டும் அன்றோடு போயின. எங்களுக்கு வேலை அடுத்த வாரம் ஆரம்பித்தது.

எங்களுக்கு என்றால், ஓர் அலுவலகத்தில் தினக்கூலிக் கணக்கில் உட்கார்ந்திருந்த நாலு டேட்டா என்ட்ரி ஆட்களுக்கு. மாவட்டம் உண்மையில் பிரிந்தது எங்கள் எக்செல் கோப்புகளில்தான். விழுப்புரத்தின் பழைய அட்டவணையைத் திறக்க வேண்டும். அதில் கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம், உளுந்தூர்பேட்டை, திருக்கோவிலூர், கல்வராயன்மலை என்று வரும் வரிகளை மட்டும் வடிகட்ட வேண்டும். கண்ட்ரோல் சி. புதிய அட்டவணைக்குப் போய் கண்ட்ரோல் வி. ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று எண்ணியதில்லை. ராத்திரி தூக்கத்தில்கூட இடது கை சுண்டுவிரல் ஆடும்.

புதிய அட்டவணைக்கு ஒரு 'டெம்ப்ளேட்' தந்திருந்தார்கள். நீலத் தலைப்பு, மெல்லிய கோடு, ஒரே எழுத்துரு. பழையதிலிருந்து ஒட்டினால் பழைய மஞ்சள், பழைய தடிக் கோடு, யாரோ எப்போதோ போட்ட சிவப்பு எழுத்து எல்லாம் கூடவே ஏறி வந்துவிடும். செக்‌ஷன் சார் பார்த்துவிட்டுத் திட்டுவார். "என்ன பாப்பா இது, மாரியாத்தா கோயில் தோரணம் மாதிரி இருக்கு? ஃபார்மேட் மாறக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

பக்கத்து சீட் அண்ணன்தான் குறுக்கு வழி சொல்லிக்கொடுத்தார். "நோட்பேட்ல ஒருக்கா போட்டு எடு. கலர், கோடு எல்லாம் கழுவிட்டு வந்துரும். அப்புறம் இதுல ஒட்டு." அப்படியே செய்தேன். சுத்தமாக வந்தது. மொத்த எண்ணிக்கை சரி, பெயர்கள் சரி, நீலத் தலைப்பு சரி. சார் முதல் தடவையாக டீ வாங்கித் தந்தார்.

பிப்ரவரியில் ஒருவர் வந்தார். வெள்ளிமலைக்கு அந்தாண்டை ஊர். விடிகாலையில் கிளம்பி, கச்சிராயபாளையம் வழியாக பஸ் பிடித்து இறங்கியிருந்தார். மகளுக்கு வரவேண்டிய படிப்பு உதவித்தொகை வரவில்லை. மற்ற பிள்ளைகள் சிலருக்கு வந்துவிட்டது. "பேங்குல கேட்டா ஆபீசுல கேளுங்கிறாங்க. ஆபீசுல கேட்டா பணம் போட்டாச்சு, திரும்பி வந்துருச்சுங்கிறாங்க. எங்க போயிட்டு எங்க திரும்பி வந்துச்சும்மா?"

பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தேன். கணக்கு எண் இரண்டு சைபரில் ஆரம்பித்தது. திரையில் அந்த இரண்டு சைபரும் இல்லை.

வயிறு கலங்கியது. மற்ற வரிகளைப் பார்த்தேன். சைபரில் ஆரம்பித்த எல்லா எண்களுக்கும் தலை போயிருந்தது. 16 இலக்க எண்களுக்கு வேறு வியாதி: எல்லாமே கடைசி இலக்கம் சைபராக முடிந்தன. பதினேழு பிள்ளைகள். அத்தனையும் நான் நோட்பேடில் 'கழுவி' எடுத்த வரிகள்.

நடந்தது இதுதான். பழைய அட்டவணையில் அந்தக் கட்டங்களை யாரோ ஒரு புத்திசாலி 'டெக்ஸ்ட்' என்று குறித்து வைத்திருந்தார். அதாவது, இது கூட்டிக் கழிக்கிற எண் இல்லை, பெயரைப் போல ஓர் அடையாளம், அப்படியே வைத்துக்கொள் என்று எக்செலுக்குச் சொல்லியிருந்தார். நோட்பேடுக்கு அந்தச் சொல் புரியாது. அது வெறும் எழுத்துகளை மட்டும் வாங்கி, வெறும் எழுத்துகளை மட்டும் திருப்பித் தரும். புதிய அட்டவணையில் ஒட்டும்போது எக்செல் அதைப் புதிதாகப் பார்த்து, ஓ இது எண் என்று தானே முடிவு செய்துகொள்கிறது. எண்ணுக்கு முன்னால் வரும் சைபருக்கு மதிப்பில்லை, தூக்கிப் போடு. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களுக்கு மேல் ஞாபகம் வைத்துக்கொள்ளாது, பதினாறாவதைச் சைபராக்கு. ஒட்டுவதற்கு முன்னால் அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்றியிருந்தால் போதும். அரை நிமிஷ வேலை.

அலங்காரம் என்று நினைத்து நான் கழுவியதில் பொருளும் சேர்ந்து போயிருந்தது. இந்தக் கட்டுரை அந்த இரண்டு சைபரிலிருந்து ஆரம்பித்துத் தேடியது.

*

அதே பிப்ரவரியில், 2020-ஆம் ஆண்டு 16-ஆம் தேதி, லேரி டெஸ்லர் இறந்தார். காப்பி-பேஸ்ட்டைத் தந்தவர் காலமானார் என்று வாட்ஸப்பில் செய்தி வந்தது. அதைக்கூட எல்லாரும் காப்பி-பேஸ்ட் செய்துதான் அனுப்பினார்கள்.

1970-களின் நடுவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் டெஸ்லரும் டிம் மாட்டும் சேர்ந்து 'ஜிப்சி' என்ற எழுத்துச் செயலியை உருவாக்கினார்கள். அது ஜெராக்ஸின் கையில் இருந்த ஒரு பாடப்புத்தகப் பதிப்பகத்துக்காக. அங்கே எடிட்டர்கள் கத்தரிக்கோலும் பசையும் வைத்துக்கொண்டு தாளை வெட்டி ஒட்டி வேலை செய்துகொண்டிருந்தார்கள். அதையே திரையில் கொண்டுவந்ததால்தான் வெட்டு, ஒட்டு என்ற பெயர்கள்.

அட்டவணை வந்தது கொஞ்சம் பின்னால். 1979-ல் டான் பிரிக்லினும் பாப் ஃப்ராங்க்ஸ்டனும் ஆப்பிள் 2 கணினிக்காக விசிகால்க் செய்தார்கள். அதில் ஒரு சூத்திரத்தை இன்னொரு கட்டத்துக்கு நகலெடுத்தால், அது உங்களிடம் ஒரு கேள்வி கேட்கும்: இதில் சுட்டியிருக்கும் கட்டம் அப்படியே இருக்கட்டுமா, இல்லை இடத்துக்குத் தக்கபடி நகரட்டுமா? 'மேலே இருக்கும் கட்டம்' என்பது நகலெடுத்த இடத்திலும் பழைய மேல்கட்டத்தையே குறிக்குமா, புதிய மேல்கட்டத்தையா? சின்னக் கேள்விதான். ஒவ்வொரு தடவையும் கேட்டது என்பதுதான் அதன் பெருமை. எக்செல் கேட்பதில்லை. சூத்திரத்தில் டாலர் குறி போட்டு வைத்தால் நிற்கும், இல்லையென்றால் நகரும்.

இன்றைக்கு நீங்கள் ஓர் அட்டவணையிலிருந்து நகலெடுக்கும்போது கணினி ஒரு நகலை எடுப்பதில்லை, பல நகல்களை எடுக்கிறது. சூத்திரங்களோடு ஒன்று, நிறம் கோடுகளோடு ஒன்று, வெறும் எழுத்தாக ஒன்று, படமாக ஒன்று. எல்லாம் கிளிப்போர்டில் காத்திருக்கும். ஒட்டுகிற இடம்தான் தனக்குத் தெரிந்ததை எடுத்துக்கொள்கிறது. நோட்பேடுக்கு வெறும் எழுத்து மட்டும்தான் தெரியும். நகலில் எது மிஞ்சும் என்பதைக் கொடுப்பவர் முடிவு செய்வதில்லை. வாங்குகிற பாத்திரம் முடிவு செய்கிறது.

இதில் ஏமாந்தது நான் மட்டும் இல்லை என்று பிறகு தெரிந்தது. 2003-ல் டிரான்ஸ்ஆல்ட்டா என்ற கனடா மின்சார நிறுவனம், ஏலத்துக்கான அட்டவணையில் வெட்டி ஒட்டும்போது வரிகள் இடம் மாறியதால் 2.4 கோடி டாலர் இழந்தது. மார்ச்1, செப்ட்1 என்று சுருக்கப்பெயர் கொண்ட மனித மரபணுக்களை எக்செல் தேதி என்று நினைத்து மாற்றிக்கொண்டே இருந்தது. 2020-ல் விஞ்ஞானிகள் தோற்றுப்போய் மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். எக்செலை மாற்றுவதைவிட அது சுலபமாக இருந்திருக்கிறது.

*

வீட்டில் இதைப் புலம்பியபோது தாத்தா ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நாங்க பண்ணாத தப்பா?" என்றார்.

தாத்தா கர்ணம் இல்லை, கர்ணத்துக்கு எழுத்து வேலை பார்த்தவர். கிராமக் கணக்கு என்பது பசலி வருஷத்துக்கு ஒருமுறை புதிதாக எழுதுவது. ஜூலை 1-ல் பசலி பிறக்கும். போன பசலியின் அடங்கலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புல எண், உட்பிரிவு, விஸ்தீரணம், பட்டாதாரர் பெயர், பயிர் என்று புதுப் புத்தகத்தில் கையால் ஏற்ற வேண்டும். ஜமாபந்தியில் அதை வைத்துத்தான் தணிக்கை. தாத்தாவின் வேலை, யோசித்துப் பார்த்தால், என் வேலைதான். கண்ட்ரோல் சி-க்குக் கண், கண்ட்ரோல் வி-க்குக் கை.

அந்த வேலையில் ஒரு குறி உண்டு: ௸. மேற்படி என்று படிக்க வேண்டும். மேலே என்ன எழுதியிருக்கிறதோ அதுவே இங்கேயும். பத்திரங்களில் 'ஷை' என்று எழுதுவார்களே, அதுவும் இதுதான். ஒருவருக்குப் பத்துத் துண்டு நிலம் இருந்தால் முதல் வரியில் பெயர், மீதி ஒன்பதிலும் ௸. கை வலிக்காது, மை மிச்சம்.

"அதுல ஒரு வில்லங்கம் இருக்கு பாப்பா. பொம்பளைங்க பேரு நெறைய எடத்துல இருக்காது. புருசன் பேரு மேல் வரியில இருக்கும். கீழ் வரியில '௸ மனைவி'ன்னு போட்டுட்டுப் போயிருவாங்க."

ஒரு வருஷம் புல உட்பிரிவு ஆனதில், அப்படி ஒரு கணவன் வரிக்கும் மனைவி வரிக்கும் நடுவில் புதிதாக ஒரு வரி ஏற வேண்டியிருந்தது. வேறு ஆள், வேறு குடும்பம். தாத்தா போன புத்தகத்தைப் பார்த்து, புது வரியை அதன் இடத்தில் சேர்த்து, அடுத்த வரியை அப்படியே பார்த்து எழுதினார்: ௸ மனைவி. ஓர் எழுத்து பிசகவில்லை. அந்தம்மா காகிதத்தில் இன்னொருவர் மனைவியாகிவிட்டார்.

ஊரில் சிரித்தார்கள். அந்தம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கணவர் இறந்த பிறகு நிலத்தைப் பிள்ளைகள் பேருக்கு மாற்றப் போனபோது, புத்தகத்தில் அவர் பெயரே இல்லை, ஒரு குறிதான் இருந்தது. அந்தக் குறி வேறு யாரையோ காட்டியது.

விசிகால்க் கேட்ட கேள்வி எனக்கு அப்போது விளங்கியது. ௸ ஒரு நகரும் சுட்டு. அதற்கென்று பொருள் கிடையாது, நிற்கிற இடம்தான் பொருள். வரியைப் பெயர்த்தால் அது புதிய மேல்வரியைப் பிடித்துக்கொள்ளும். தாத்தா அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்திலும் ௸ போடவில்லையாம். ஒவ்வொரு வரியிலும் முழுப் பெயர், அப்பா பெயர், கை கடுக்கக் கடுக்க. கர்ணம் திட்டியிருக்கிறார். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தில் கர்ணம் உள்ளிட்ட பகுதிநேரக் கிராமப் பதவிகளை ஒழித்தது. அது 1390-ஆம் பசலி. தாத்தா எழுதிக்கொண்டிருந்த புத்தகம் பாதியில் நின்றது.

அந்த நேரத்தில்தான் தமிழகத்தின் மிகப் பெரிய காப்பி-பேஸ்ட் நடந்துகொண்டிருந்தது. 1979-ல் தொடங்கி 1987-ல் முடிந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டம். ஊரில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது, யூ.டி.ஆர். என்றால் தெரியும். பழைய கணக்குகளிலிருந்து புதிய பதிவேட்டுக்கு ஏற்றினார்கள். ஏக்கர் ஹெக்டேரானது, பழைய எண் புது எண்ணானது. இன்றைக்கும் எந்தத் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றாலும், "யூ.டி.ஆர்.ல தப்பா ஏறிடுச்சு சார்" என்ற குரலைக் கேட்கலாம். நிலத்தில் உழுகிறவர் ஒருவர், புத்தகத்தில் இருப்பவர் இன்னொருவர். அதைத் திருத்த மாவட்ட வருவாய் அலுவலர் வரை மனு போக வேண்டும். பிறகு அந்தப் பதிவேடுகள்தான் கணினியில் ஏறின. கணினி எதையும் மாற்றவில்லை. தப்பையும் அப்படியே, அழகான எழுத்தில், வைத்துக்கொண்டது.

௸ குறிக்கு யூனிகோடில் 2003-ல் இடம் கிடைத்தது. இன்று உங்கள் போனிலும் இருக்கும்.

*

நம் ஊரில் நகலெடுப்பதைக் கவலையோடு செய்தவர்களும் இருந்தார்கள். எங்கள் மாவட்டத்துத் திருக்கோவிலூர், மலையமான்களின் ஊர். ராஜராஜ சோழனின் தாய் வானவன்மாதேவி அந்தக் குலத்துப் பெண். ராஜராஜனுக்குப் பாட்டி முறை செம்பியன் மாதேவி, கண்டராதித்த சோழனின் மனைவி. பத்தாம் நூற்றாண்டில் அவர் பல பழைய கோயில்களைக் கல்லால் எடுத்துக் கட்டினார். கும்பகோணம் பக்கம் திருக்கோடிக்காவலில் அப்படிக் கட்டியபோது ஒரு சிக்கல். பழைய கோயிலில் தனித்தனிக் கற்களில் தானக் கல்வெட்டுகள் இருந்தன. இவ்வளவு நிலம், இவ்வளவு பொன், இந்த விளக்குக்கு இவ்வளவு நெய் என்று. கட்டடம் போனால் கணக்கும் போகும்.

அவற்றைப் புதுச் சுவரில் படியெடுத்து வெட்டினார்கள். பல்லவர் காலத்துச் செய்திகூட அதில் உண்டு. எழுத்தின் உருவம் புதியது, செய்தி பழையது. அதோடு, இது பழங்கற்படி, அதாவது பழைய கல்லின் நகல் என்ற குறிப்பையும் சேர்த்து வெட்டினார்கள். வடிவத்தை மாற்றினோம் என்பதை ஒளிக்கவில்லை. எக்செலில் 'மதிப்பை மட்டும் ஒட்டு' என்று ஒரு வழி இருக்கிறதே, அதைச் செய்துவிட்டு, செய்தோம் என்று கையெழுத்தும் போட்ட மாதிரி. நான் பதினேழு பிள்ளைகளின் வரிகளை மாற்றியபோது எங்கும் ஒரு குறிப்பும் வைக்கவில்லை.

*

தமிழில் கணினி வேலை பார்த்தவர்களுக்கு இன்னொரு பாடம் உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன், தமிழ் எழுத்து என்பதே ஃபார்மேட்டாகத்தான் இருந்தது. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் கணினிக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அதன் மேல் பாமினி என்ற சட்டையைப் போட்டால்தான் அது தமிழ். சட்டையைக் கழற்றினால் வெறும் உளறல்.

எங்கள் பழைய கோப்புகள் பலவற்றில் பெயர்கள் இப்படித்தான் இருந்தன, வேறு வேறு எழுத்துருக்களில். ஃபார்மேட்டைக் கழுவி ஒட்டினால் ஒரு கிராமமே மொத்தமாக ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும். அது கண்ணுக்குத் தெரியும், உடனே பிடித்துவிடலாம். சைபர் போனது கண்ணுக்குத் தெரியவில்லை. 1999 சென்னை தமிழ்நெட் மாநாட்டில் எழுத்துருக் குறியீடுகளை ஒழுங்குபடுத்தப் பார்த்தார்கள். 2010-ல், கோவை செம்மொழி மாநாட்டு நேரத்தில், அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. ஆணை போட்ட பிறகும் பழைய கோப்புகள் பழைய சட்டையோடுதான் கிடந்தன. அவற்றை மாற்றியது எங்களைப் போன்ற தினக்கூலிகள்.

*

அந்த மலைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய மக்கள் மலையாளிகள். கேரளத்தோடு சம்பந்தம் இல்லை, மலையை ஆளுகிறவர்கள் என்ற பொருளில். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த அண்ணன் தம்பிகளின் வம்சம் என்று கதை சொல்வார்கள். சாமையும் மரவள்ளியும் கடுக்காயும் விளையும் மலை.

கீழே கர்ணங்கள் பசலிக்குப் பசலி புத்தகம் எழுதிக்கொண்டிருந்த காலம் முழுக்க, மலை சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்ற மூன்று ஜாகிர்களின் கையில் இருந்தது. சுதந்திரம் வந்து கால் நூற்றாண்டு தாண்டி, நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல்தான் அரசு அதைத் தன் நிர்வாகத்துக்குள் எடுத்தது. கீழே இருந்தவர்களுக்குத் தப்பும் தவறுமாகவாவது ஒரு வரி இருந்தது. மலையில் அந்த வரியே தாமதம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன்மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று அடிப்படைக் கேள்விகள்.

அதே 1976-ல் பழங்குடிப் பட்டியலும் திருத்தப்பட்டது. அதில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் மாவட்டங்கள் இருக்கின்றன: தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. கள்ளக்குறிச்சி அதில் இல்லை. எப்படி இருக்கும்? தென் ஆற்காட்டிலிருந்து 1993-ல் விழுப்புரம் பிரிந்து, அதிலிருந்து 2019-ல் நாங்கள் பிரிந்தோம். தென் ஆற்காடு என்று இன்று ஒரு மாவட்டமும் இல்லை. ஆனாலும் அந்தச் செத்துப்போன பெயர் வழியாகத்தான் கல்வராயன்மலைப் பிள்ளைக்குச் சான்றிதழ் வருகிறது. மேலே தென் ஆற்காடு, கீழே விழுப்புரம் ௸, அதற்கும் கீழே கள்ளக்குறிச்சி ௸.

ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையிலும் மலையாளிகள் இருக்கிறார்கள். பட்டியல் போட்டபோது அந்த மலை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. கோயம்புத்தூர் பட்டியலில் இல்லை. அதனால் அவர்கள் பழங்குடி இல்லை. பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரே மக்கள், ஒரே பெயர், பக்கத்துக் கட்டத்தில் இருந்த சொல் வேறு.

மலையின் பெயரையே எங்கள் கோப்புகளில் கல்வராயன்மலை, கல்வராயன் மலை, கல்ராயன் மலை என்று மூன்று விதமாகப் பார்த்தேன். மனுஷனுக்கு மூன்றும் ஒன்று. எக்செலுக்கு மூன்று மலை. ஒரு பெயரில் வடிகட்டினால் மற்ற இரண்டிலும் இருக்கும் பிள்ளைகள் விழுப்புரத்திலேயே தங்கிவிடுவார்கள். வடிகட்டியில் விடுபட்ட சிலரை இரண்டாம் தடவையாகத் தேடி எடுத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. எல்லாரையும் எடுத்தோமா என்று இப்போதும் சில ராத்திரிகளில் தோன்றும்.

*

செக்‌ஷன் சாரிடம் போய்ச் சொன்னேன். என் தப்பு என்றும் சொன்னேன். அவர் திட்டவில்லை. ரொம்ப நேரம் திரையையே பார்த்துவிட்டு, "பாக்க எவ்ளோ சுத்தமா இருந்துச்சு" என்றார். பதினேழு பேரின் பாஸ்புக் நகல்களைத் திரும்ப எடுத்து, நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்றி, இந்த முறை ஒட்டாமல் ஒவ்வோர் எண்ணாக அடித்தேன். ஒருவர் படிக்க, ஒருவர் பார்க்க. கடைசியில் ஒரு நெடுவரிசை கூடுதலாகச் சேர்த்தேன்: எந்தத் தேதியில், எந்தக் கோப்பிலிருந்து, யார் எடுத்தது. டெம்ப்ளேட்டில் இல்லாத நெடுவரிசை. சார் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு அவரிடம் எண்ணை மறுபடி வாங்கும்போது பாஸ்புக்கைக் கேட்டேன். அவர் அதை நீட்டாமல் சட்டைப் பையிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்தார். பின்பக்கத்தில் நீல மையில் கணக்கு எண். பஸ்ஸில் பாஸ்புக் தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்று தனியாக எழுதி வைத்திருந்தாராம். முதல் இரண்டு சைபரையும் சுற்றி வட்டம் போட்டிருந்தது.

"முன்னாடி ரெண்டு சைபர் இருக்கு பாப்பா," என்றார். "அதையும் எழுதிக்கோ."